பிளேட்டு ஏன் கழன்றது

பிளேட்டு ஏன் கழன்றது என்று ரத்தினசாமிக்கு விளங்கவில்லை. கொட்டகைக்குள் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, அந்த இரும்புத் தட்டைக் கடைசல் மிஷினின் தண்டில் மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். மரை சுத்தமாக ஏறியது. கடைசிச் சுற்றில் ணக் என்று போய் உட்கார்ந்தது. மிஷின் ஓட ஓட அது இன்னும் இறுக வேண்டும். சாயங்காலம் கழற்ற வேண்டுமானால் பெரிய ரிஞ்சு போட்டு ஒரு உலுக்கு உலுக்க வேண்டும். இதுவரை அப்படித்தான் இருந்தது. அப்படி இருந்த சாமான் திங்கட்கிழமை காலை சுவிட்சு போட்ட மாத்திரத்தில் தானாகக் கழன்று பறந்து மருமகளின் தாடையைக் கிழித்தது என்றால், யார் நம்புவார்கள்?

நம்பாமலும் முடியாது. தாடையில் தையல் இருக்கிறது. கொட்டகையின் கூரைத் தகட்டில் ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டை வழியாக வெயில் இறங்கி, மரத்தூளின் மேல் வட்டமாக விழுந்திருந்தது. ரத்தினசாமி அந்த வெயில் வட்டத்தை விரோதியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

நஞ்சன்கூடு ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் வருகிற சந்து அது. கூலிக்குப் போகிறவர்கள், பாக்டரிக்குப் போகிறவர்கள் என்று ஏழெட்டுக் குடும்பம். ரத்தினசாமி அனூர்ப் பக்கத்து ஆள். வாலிபத்தில் மைசூருக்கு வந்து, லாரிக்கு பாடி கட்டுகிற இடத்தில் வெல்டிங் வேலை பார்த்து, கண் மங்கிய பிறகு வீட்டில் இருக்கிறார். படிப்பு கிடையாது. பஸ் போர்டு படிப்பார், கன்னடத்தில் ஒன்று தமிழில் ஒன்று எழுத்துக் கூட்டி. யாரையும் நம்ப மாட்டார். பால்காரன் பால் ஊற்றினால் விரலால் தொட்டுப் பார்ப்பார். டாக்டர் மாத்திரை எழுதினால் இன்னொரு டாக்டரிடம் காட்டச் சொல்வார். கடையில் புது ஸ்க்ரூ வாங்கினால்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது தகரம்" என்பார்.

மருமகள் மனிஷா கல்யாணத்துக்கு முன்னால், மரப்பொம்மைக்குப் பேர்போன சென்னபட்டணத்தில் ஒரு மரச்சாமான் யூனிட்டில் கடைசல் வேலை பார்த்தவள். அந்த யூனிட்டை இடம் மாற்றியபோது ஓரங்கட்டிப் போட்ட மிஷினை அவள் முதலாளியிடம் கேட்டு வாங்கினாள். டெம்போவில் வந்து இறங்கியபோது அது மொட்டையாக இருந்தது. இரண்டு நீளமான வார்ப்பிரும்புக் கட்டை, ஒரு பெட்டி, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த மரை போட்ட தண்டு, அவ்வளவுதான். மரத்தைப் பிடிக்கிற பிளேட்டு இல்லை. உளியை வைத்துத் தாங்கக் கம்பி இல்லை. மறுகோடியில் மரத்துக்கு முட்டுக் கொடுக்கிற முனை இல்லை.

"கடையில கெடைக்கும் மாமா, பெங்களூர்ல" என்றாள் மனிஷா.

"கடையில என்ன கெடைக்கும்? வெளியில பளபளன்னு இருக்கும், உள்ள பொறை ஓடி ஓட்டை ஓட்டையா இருக்கும். நீ இரு" என்றார் ரத்தினசாமி.

பழைய இரும்புக் கடைகளை அலசினார். லாரியின் ஸ்ப்ரிங் பட்டையை வெட்டி, அடியில் பைப்பை வெல்டிங் வைத்து உளித் தாங்கி செய்தார். அதன் விளிம்பை அரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, உளி வைத்தால் நெய்யில் வைத்ததுபோல வழுக்கும்படி ஆக்கினார். ஸ்கூட்டர் சக்கரத்து பேரிங்கைப் பிடுங்கி, அதற்குள் கூர்சீவிய இரும்பைச் செருகி, மரத்தோடு கூடவே சுற்றுகிற முட்டுமுனை செய்தார். எல்லாவற்றிலும் கஷ்டம் கொடுத்தது பிளேட்டுதான். தண்டின் மரைக்குப் பொருந்துகிற நட்டு எங்கும் கிடைக்கவில்லை. தண்டின் மரையை மெழுகில் அழுத்தி அச்சு எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போய், கடைசியில் ஒரு கரும்பு மில்லின் ஓட்டை உடைசலுக்குள் ஒரு பெரிய நட்டைக் கண்டுபிடித்தார். அதைக் கனமான இரும்பு வட்டத்தின் நடுவில் வைத்து, சூட்டில் மரை இழுத்துக்கொள்ளாமல் இருக்க உள்ளே ஒரு போல்ட்டைத் திருகி வைத்து, எதிரும் புதிருமாகப் பொட்டுப் பொட்டாக வெல்டிங் வைத்து, அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்து ஆறவிட்டார். பிறகு மிஷினிலேயே மாட்டி ஓட்டி, முகத்தைச் சமமாகச் சீவினார். இத்தனைக்கும் வெல்டிங் கண்ணாடி வழியாகப் பாதிதான் தெரிந்தது. மீதி கைக்குத் தெரிந்தது.

அந்தப் பிளேட்டில் மாட்டித்தான் மனிஷா சப்பாத்திப் பலகையும் மரத்தட்டும் கடைந்தாள். நீளவாக்கில் மாட்டி, களி கிண்டுகிற கோலும் கீரை கடைகிற மத்தும் கடைந்தாள். அக்ரஹாரத்தில் பாத்திரக் கடை வைத்திருப்பவர்கள் ஸ்கூட்டரில் வந்து எடுத்துப் போனார்கள். வீட்டில் அவள் நடை மாறியது. முன்பெல்லாம் அடுப்படிக்கும் வாசலுக்கும் இடையில் சத்தமில்லாமல் போய்வந்தவள், உடம்பெல்லாம் மரத்தூளோடு கொட்டகையிலிருந்து வந்து, "அத்தே, பசி" என்று கத்த ஆரம்பித்தாள். மாமியார் ராமக்காளுக்கு அது பிடித்திருந்தது. மகன் பாலனுக்குப் பிடித்ததா பிடிக்கவில்லையா என்று ரத்தினசாமிக்குத் தெரியாது. அவன் டயர் பாக்டரியில் ஷிப்டு பார்க்கிறவன். வருவான், தின்பான், தூங்குவான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோடைமழை அடித்தது. ஆலங்கட்டியோடு வந்த மழை. சந்து முனையில் இருந்த தூங்குமூஞ்சி மரத்தின் பெரிய கிளை முறிந்து கரண்டு லைன் மேல் விழுந்தது. காலையில் ஆட்கள் வந்து கிளையை வெட்டி, அறுந்த கம்பியை இழுத்துக் கட்டிவிட்டுப் போனார்கள். கரண்டு வந்ததும் மனிஷா கொட்டகைக்குப் போனாள். வட்டமாக அறுத்து வைத்த மாமரக் கட்டையைப் பிளேட்டில் ஸ்க்ரூ போட்டு முடுக்கி, தண்டில் திருகி, சுவிட்சைப் போட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

புதன்கிழமை மத்தியானம் களியும் மொச்சைச்சாறும். மனிஷாவுக்கு ராகிக் கஞ்சி. வாயைத் திறக்கக்கூடாது, பேசவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் சுவரோரம் சாய்ந்து, டம்ளரிலிருந்து ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினாள். தாடை பலாக்கொட்டை மாதிரி வீங்கியிருந்தது.

"குண்டலுபேட்டையிலிருந்து நஞ்சுண்டசாமின்னு ஒருத்தர் வர்றாருங்க" என்றான் பாலன், தட்டைப் பார்த்தபடி. "பழைய மிஷின் வாங்கி விக்கிறவரு. வெள்ளிக்கெழம வந்து பாக்கறேன்னுட்டாரு."

ரத்தினசாமி களி உருண்டையைச் சாற்றில் தோய்க்கப் போன கையை நிறுத்தினார். "எதைப் பாக்க?"

"லேத்தைத்தான். பின்ன உங்களையா?"

ராமக்காள் சிரிக்கப் பார்த்தாள். ஒருத்தரும் சிரிக்காததால் அடக்கிக்கொண்டாள்.

"மிஷின் அவளுது. அவகிட்டக் கேட்டியா?"

"அவ தாடையைக் கேளுங்க, அது சொல்லும். இன்னும் நாலு வெரக்கடை மேல பட்டிருந்தா கண்ணு போயிருக்கும். டாக்டரு எங்கிட்டக் கேக்கறாரு, என்ன வேலைங்க செய்யறாங்க உங்க வீட்லன்னு. என்னத்தச் சொல்ல? எங்கப்பன் ஓட்டை நட்டுல பிளேட்டு செஞ்சு குடுத்தாருன்னு சொல்லவா?"

"ஓட்டை நட்டா? ஏண்டா, என்ற பிளேட்டு இத்தன மாசம் ஓடலையா?"

"ஓடுச்சு. இப்பப் பறந்துருச்சு."

"அதேதான் நானும் கேக்கறேன். ஓடுனது எப்படிடா பறக்கும்?" ரத்தினசாமியின் குரல் ஏறியது. திங்கட்கிழமையிலிருந்து மனதுக்குள் அரித்துக்கொண்டிருந்த ஒன்று வாய்வரை வந்துவிட்டது. "ஞாயித்துக்கெழம மழைல கொட்டாயிக்குள்ள யாரு போனா? நீதான தார்ப்பாய் எடுக்கப் போன?"

"ஆமாங். போனேன்."

"உனக்கு மொதல்லருந்தே அந்த மிஷின் மேல கண்ணு. எதையாவது நெகிழ்த்தி வெச்சியா?"

ராமக்காள், "ஏனுங்க!" என்றாள். மனிஷாவின் கையிலிருந்த ஸ்பூன் டம்ளருக்குள் விழுந்தது.

பாலன் எழுந்திருக்கவில்லை. கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் ரத்தினசாமிக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"பால்காரன் மேல சந்தேகம். டாக்டரு மேல சந்தேகம். ரேசன் கடைத் தராசு மேல சந்தேகம். இப்ப எம்மேல" என்றான் மெதுவாக. "ஒண்ணு கேக்கறனுங்கப்பா. எல்லாத்து மேலயும் வர்ற சந்தேகம் உங்க கை மேல மட்டும் ஒரு நாளும் வராதா? உங்களுக்குக் கண்ணு தெரியுதா மொதல்ல? வெல்டிங் விட்டுப்போச்சோ என்னமோ. பாத்தீங்களா நீங்க?"

களி ரத்தினசாமியின் கையிலேயே காய்ந்தது.

அப்போது மனிஷா ஏதோ சொல்ல வந்தாள். வாயைத் திறக்க முடியாமல் கையைத் தூக்கினாள். ஆள்காட்டி விரலை முகத்துக்கு எதிரே நீட்டி, வட்டமாகச் சுற்றிக் காட்டினாள். மறுபடியும் சுற்றினாள். மாமனாரையே பார்த்தாள்.

"தல சுத்துதாமா" என்றாள் ராமக்காள் பதறி. "நீங்க ரெண்டு பேரும் போடற சத்தத்துல புள்ளைக்குக் கிறுகிறுன்னு வருது. எந்திரி கண்ணு. எலுமிச்சம்பழம் புழிஞ்சு தர்றேன்."

மனிஷா இல்லை என்று தலையை ஆட்டினாள். சிரிப்பு வந்து, தையல் இழுத்து, கண்ணில் தண்ணீர் வந்தது. பாலன் அதைப் பார்த்துப் பயந்து, அன்றைக்கே மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தலையைப் படம் எடுத்துக்கொண்டு வந்தான். தலையில் ஒன்றும் இல்லை என்றார்கள். அதற்குப் பிறகு அவள் விரலைச் சுற்றவில்லை.

ரத்தினசாமி கொட்டகைக்குப் போனார். பிளேட்டை மடியில் வைத்துக்கொண்டு, வெல்டிங் ஓடிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். விரிசல் தட்டுப்படவில்லை. தட்டுப்படவில்லை என்பதற்காக இல்லை என்று ஆகிவிடுமா? விரலும் கிழவிரல்தானே. ஊரெல்லாம் தகரம் தகரம் என்று சொல்லிக்கொண்டு, வீட்டுக்குள் தகரம் செய்து வைத்தது நாம்தானோ? இந்த நினைப்பு அவருக்குப் புதுசு. புதுச் செருப்பு மாதிரி எல்லா இடத்திலும் கடித்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் கெம்பையன் நின்றிருந்தான். நாற்று வளர்த்து விற்கிறவன். பப்பாளி, மல்லிகை, கறிவேப்பிலை என்று பிளாஸ்டிக் பைகளாக அடுக்கி வைத்திருப்பான். பறந்துபோன மரக்கட்டை அவன் மல்லிகைப் பைகளின் மேல்தான் விழுந்தது. அதைப் பிளேட்டோடு தூக்கிக்கொண்டுவந்து கொடுத்தவனும் அவன்தான்.

"ரத்னப்பா, நீரே பர்த்தா இல்லப்பா" என்றான் கன்னடத்தில், தண்ணீரே வரவில்லை என்று. பிறகு தமிழுக்கு வந்தான். "ஞாயித்துக்கெழம வரிக்கும் ஜோரா வந்துச்சு. இப்போ போரு மோட்டார் ஓடுது ஓடுது, தண்ணி மாத்ரம் மூத்திரம் மாதிரி வருது. நாத்து எல்லாம் சொங்கிப் போச்சு."

"பூமியில தண்ணி இல்லையோ என்னமோ."

"மழெ வந்த மேலே தண்ணி கம்மி ஆகுமா? நீயே ஹேளு, சொல்லு."

"எனக்கென்னப்பா தெரியும்? எனக்கே ஆயிரம் ரோதனை" என்று ரத்தினசாமி திரும்பிக்கொண்டார். இவன் எதற்கு வேலியோரமே நிற்கிறான் என்று அவன்மேலும் ஒரு சந்தேகம் வந்தது. கட்டை விழுந்த இடத்தில் இவன் ஏன் அவ்வளவு சீக்கிரம் போனான்? யோசித்துப் பார்த்தார். அவன் நாற்று, அவன் நிலம், போகாமல் என்ன செய்வான்? சந்தேகம் பிடிமானம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது.

வியாழக்கிழமை முழுக்க அவர் சாப்பிடவில்லை. ராமக்காள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள். "அதையே மடியில வெச்சுட்டு உக்காந்திருக்கீங்களே, அது முட்டையா பொரியறதுக்கு?" என்றாள்.

"ஏ புள்ளெ, எனக்கு இதுக்குள்ள என்ன இருக்குதுன்னு தெரியோணும்."

"தெரிஞ்சு?"

"என்ற வேலை கெட்டதுன்னா நானே சொல்லிப்போடறேன், மிஷினக் குடுத்துருடான்னு. இல்லீன்னா..." இல்லையென்றால் என்ன என்று அவருக்கே தெரியவில்லை.

சாயங்காலம் கிரைண்டரை எடுத்தார். பிளேட்டைப் பட்டறைக் கட்டையில் முடுக்கி, நட்டோடு சேர்த்துக் குறுக்கே அறுத்தார். தீப்பொறி வேட்டியில் விழுந்து ஓட்டை போட்டது. சத்தம் கேட்டு மனிஷா கதவண்டை வந்து நின்றாள். இரும்பு இரண்டாகப் பிளந்து விழுந்ததும் ஐயோ என்பதுபோல வாயில் கையை வைத்தாள். ரத்தினசாமி சூடு ஆறட்டும் என்றுகூடக் காத்திருக்காமல், துணியால் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார்.

வெல்டிங் அடிவரை ஓடியிருந்தது. பொறை இல்லை, விரிசல் இல்லை. வெட்டிய இடம் முழுத்தேங்காயை உடைத்ததுபோல வெள்ளையாக இருந்தது. மரை ஒவ்வொன்றும் பல் பல்லாக, தேயாமல், மடங்காமல் நின்றது. இதைவிட நல்ல பிளேட்டை அவர் வாழ்நாளில் செய்ததில்லை. இப்போது அது இரண்டு துண்டு.

சந்தோஷப்பட வேண்டும். அவருக்கு அழுகை வந்தது. வேலை நன்றாக இருக்கிறது, அப்படியானால் ஏன் கழன்றது? பாலன்தான் செய்தானா? தார்ப்பாய் எடுக்கப் போனவன் எதை நெகிழ்த்தியிருக்க முடியும்? திங்கட்கிழமை காலையில்தானே இவளே தன் கையால் திருகி மாட்டினாள்? இதை ஏன் புதன்கிழமை யோசிக்கவில்லை? மகனைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்ன வாயை என்ன செய்வது?

"ஒண்ணும் புரியலை புள்ளெ" என்றார் மருமகளிடம். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு துண்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை நஞ்சுண்டசாமி வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் டார்ச். மிஷினைச் சுற்றி மாடு பார்க்கிறவர் மாதிரி நடந்தார். உளித் தாங்கியைத் தடவிப் பார்த்து, "இது யார் செஞ்சது? பேஷ்" என்றார். துண்டான பிளேட்டைப் பார்த்து, "இது யார் வெட்டுனது?" என்றார்.

"ரெண்டும் அவருதான்" என்றான் பாலன்.

நஞ்சுண்டசாமி ரத்தினசாமியை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "சரி. பேரிங் சத்தம் கேக்கணும். ஓட்டிக் காமிங்க, சும்மா வெறுந்தண்டா."

திங்கட்கிழமைக்குப் பிறகு மிஷினை ஒருத்தரும் ஓட்டவில்லை. சுவிட்சைத் தொட்டால் தொலைத்துவிடுவேன் என்று பாலன் மிஷினுக்கு வருகிற மெயினையே இறக்கி வைத்திருந்தான். இப்போது அவனே மெயினை ஏற்றி ஸ்டார்ட்டரை அழுத்தினான். தண்டு உறுமிக்கொண்டு சுற்றியது. நஞ்சுண்டசாமி பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். "நல்லா இருக்குது. நிறுத்துங்க."

பாலன் நிறுத்தினான். தண்டு மெல்ல மெல்ல வேகம் குறைந்தது. முக்காலியில் உட்கார்ந்திருந்த ரத்தினசாமியின் கண்ணுக்கு நேராகத் தண்டின் மரை இருந்தது.

மரை போட்ட தண்டு மெதுவாகச் சுற்றும்போது, அந்த வரிகள் நடப்பதுபோலத் தெரியும். பிளேட்டுக்கு முகம் சீவிய நாளிலிருந்து அவர் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறார். எறும்பு வரிசையாகப் புற்றுக்குள் போவதுபோல, வரி வரியாகப் பெட்டிக்குள் நடந்து போகும். அதனால்தான் ஓட ஓடப் பிளேட்டு இறுகும்.

இப்போது வரிகள் பெட்டியிலிருந்து வெளியே நடந்து வந்தன.

கண் மங்கலோ என்று தேய்த்துக்கொண்டார். "இன்னொருக்கா போடு" என்றார்.

"எதுக்குங்க?"

"போடுறா!"

போட்டான். நிறுத்தினான். வரிகள் வெளியே நடந்து வந்தன. மேலிருந்து ஆளைப் பார்த்து இறங்க வேண்டிய சுற்று, கீழிருந்து ஆளைப் பார்த்து ஏறியது. ரத்தினசாமி முக்காலியை விட்டு எழுந்தார். வேலியைப் பார்த்துக் கத்தினார்.

"கெம்பையா! ஏ கெம்பையா! தண்ணி வருதா?"

நாற்றுக்கு நடுவிலிருந்து கெம்பையன் நிமிர்ந்தான். "பந்துச்சு, தண்ணி வந்துச்சு! வயரிங் பய்யன் காலையிலயே வந்தான். லைன் கட்டுனவங்க மேலே ரெண்டு கம்பி மாத்திக் கட்டிட்டாங்களாம். மோட்டார் உல்ட்டாவா, எதிர்ப்பக்கமா சுத்துதாம். மூணு வயர்ல ரெண்டை மாத்திப் போட்டான், அஷ்டெ, அவ்ளோதான், ஜோரா வருது!"

அந்தச் சந்தில், பெரிய மோட்டாருக்கு வேண்டிய மூன்று பேஸ் லைன் இருந்தது இரண்டே இடத்தில். ஒன்று கெம்பையன் போருக்கு. இன்னொன்று இந்தக் கொட்டகைக்கு. முன்னால் மாவு மில்லாக இருந்தபோது இழுத்தது.

நஞ்சுண்டசாமி மட்டும், "அப்ப மிஷின்ல குத்தம் இல்ல" என்றார் திருப்தியாக.

மனிஷா வாசலில் நின்றிருந்தாள். ஆள்காட்டி விரலைத் தூக்கி, புதன்கிழமை சுற்றிய மாதிரியே சுற்றினாள். பெட்டிப் பக்கம் கை காட்டி, பிறகு தலையைக் காட்டி, இல்லை என்று கையை ஆட்டினாள். பல்லைத் திறக்காமல், உதட்டால் மட்டும், "அவத்தே, அன்னிக்கே சொன்னனே மாமா. உல்ட்டாவா சுத்துச்சு" என்றாள்.

"ஏன் கண்ணு, மறுபடி சொல்லோணும்ல?" என்றார் ரத்தினசாமி.

"தலையில அடின்னு படம் எல்லாம் எடுத்தாங்கல்வா. நானே நம்பலை. மாத்தித் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சிட்டேன்."

ராமக்காள் மருமகளின் முதுகைத் தடவினாள். "நான் ஒருத்தி, எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சு புழிஞ்சு ஊத்துனேன்."

ரத்தினசாமி தண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பாலை நம்பாமல், டாக்டரை நம்பாமல், பெற்ற மகனை நம்பாமல் இருந்தவர், சுவரிலிருந்து வருகிற கரண்டை மட்டும் கும்பிட்டு நம்பியிருக்கிறார். அது எந்தப் பக்கம் சுற்றும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த நம்பிக்கைக்கு ஒரு நல்ல பிளேட்டு இரண்டாகப் போனது. வேறென்ன எல்லாம் போயிற்று என்று மகன் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"மிஷின் விக்கறதில்லீங்க" என்றார் நஞ்சுண்டசாமியிடம்.

"நீங்க சொன்னா ஆச்சா?" என்றான் பாலன். "நாளைக்கு மறுக்கா மழெ அடிக்கும், மறுக்கா மாத்திக் கட்டுவாங்க. அன்னிக்கு யாரு தாடை போகும்? உங்க வேலை நல்ல வேலைதான், ஒத்துக்கறேன். அதனால இவளுக்கு என்ன காவல்?"

அது நியாயமான கேள்வி. பிளேட்டின்மேல் குற்றம் இல்லை என்று தெரிந்த பிறகும் மருமகளின் தையல் அப்படியேதான் இருந்தது.

மனிஷா நடந்து வந்து, மிஷினின் வார்ப்பிரும்பின் மேல் கையை வைத்தாள். நஞ்சுண்டசாமியைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள். போய்வாருங்கள் என்பதற்கும் மன்னியுங்கள் என்பதற்கும் அது பொருந்தியது. பிறகு பாலனைப் பார்த்தாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் தாடையைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"காபி குடிச்சிட்டுப் போங்க" என்றாள் ராமக்காள் நஞ்சுண்டசாமியிடம். அவர் குடித்துவிட்டு, "விக்கிறப்பச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வயரிங் பையனைக் கூப்பிட்டு வயரை மாற்றினார்கள். ரத்தினசாமி பக்கத்திலேயே நின்று, அவன் போன பிறகு தானும் ஒரு தரம் ஓட்டிப் பார்த்தார். வரிகள் உள்ளே நடந்தன. மறுபடி பழைய இரும்புக் கடைக்கு அலைந்தார். அதே மாதிரி நட்டு இனிக் கிடைக்குமா என்று பயந்துகொண்டே போனார். அதே மில் உடைசலுக்குள் அதன் ஜோடி கிடந்தது. இந்தத் தரம் நட்டுக்குப் பக்கவாட்டில் இரண்டு துளை போட்டு மரை வெட்டினார். தண்டில் மரை முடிகிற இடத்தில் அரத்தால் சுற்றிலும் பள்ளம் எடுத்தார். பிளேட்டு போய் உட்கார்ந்ததும் இரண்டு போல்ட்டை முடுக்கினால், அதன் முனை பள்ளத்துக்குள் இறங்கிக் கவ்விக்கொள்ளும். கரண்டு எந்தப் பக்கம் சுற்றினாலும் பிளேட்டு வெளியே நடக்க முடியாது. ஓட்டிப் பார்த்த பிறகும் திருப்தி இல்லாமல், சுவரில் சாக்பீஸால் பெரிய அம்புக்குறி போட்டார். வெறுந்தண்டை ஓட்டி, வரி உள்ளே போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மரத்தை மாட்ட வேண்டும். இதை யாரும் மனிஷாவுக்குச் சொல்லவில்லை. அவளே அப்படித்தான் செய்தாள்.

தையல் பிரித்து, வீக்கம் வடிந்த பிறகு ஒரு நாள் காலை. கெம்பையன் நாற்றுக்குத் தண்ணீர் விடுகிற சத்தம் கேட்டது. கூரை ஓட்டையை இன்னும் அடைக்கவில்லை. மனிஷா முதலில் வெறுந்தண்டை ஓட்டி வரி உள்ளே போவதைப் பார்த்துவிட்டு, அதே மாமரக் கட்டையைப் புதுப் பிளேட்டில் முடுக்கி, தண்டில் திருகி, இரண்டு போல்ட்டையும் இறுக்கினாள். ராமக்காள் அடுப்படியிலிருந்து வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாலன் ஷிப்டுக்குக் கிளம்பி, பைக்கை ஓடவிட்டபடியே கொட்டகை வாசலில் வந்து நின்றான். அன்றிலிருந்து அப்பனும் மகனும் சோறு, தண்ணீர் என்பதற்குமேல் பேசிக்கொள்ளவில்லை. அவன் நின்ற இடம், பிளேட்டு அன்றைக்குப் பறந்த பாதைக்கு நேராக இருந்தது.

"அக்கட்டால நில்லுடா" என்றார் ரத்தினசாமி.

"ஏனுங்க? உங்க பிளேட்டு மேல இப்ப உங்களுக்கே நம்பிக்கை போச்சா?"

"பிளேட்டு மேல இருக்குது. நட்டு, வெல்டிங், போல்ட்டு, எல்லாத்து மேலயும் இருக்குது."

"பொறவென்ன?"

ரத்தினசாமி எழுந்து போய், மகனின் சட்டையை முதுகுப்பக்கம் கொத்தாகப் பிடித்து, சுவரோரம் இழுத்தார். பாலன் திமிறவில்லை. அப்பனின் கை பழைய எண்ணெயும் இரும்புத்தூளுமாகச் சலவைச் சட்டையில் அப்பியது.

"போடு கண்ணு" என்றார்.

மனிஷா போட்டாள். கட்டை உறுமிச் சுற்றியது. உளியைத் தாங்கியில் வைத்து, மெல்லச் சாய்த்தாள். முதல் சீவல் சுருண்டு வந்து தரையில் விழுந்தது. அதற்குப் பிறகு அடுத்தது. கட்டை உருண்டையாகிச் சத்தம் மாறும்வரை ரத்தினசாமி மகனின் சட்டையை விடவில்லை. வாசலில் பைக் ஓடிக்கொண்டே இருந்தது. ஷிப்டுக்கு நேரமாகிறது என்று பாலனும் சொல்லவில்லை.